தேயிலைச் சாறு, இறால் ஓடு, வெள்ளி: கிருமியைத் தடுக்கும் காயப் படலம் செய்ய முழு வழிகாட்டி

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது அடிக்கடி வந்து நிற்கிற இடம் இது: தேயிலைச் சாற்றில் வெள்ளி நனோத் துணிக்கை (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய வெள்ளித் துகள்) செய்து, அதை இறால் ஓட்டிலிருந்து எடுக்கிற கைற்றோசானில் கலந்து, புண்ணுக்கு மேல் ஒட்டுகிற படலமாக வார்ப்பது. நல்ல தலைப்புதான், நம் ஊருக்கும் பொருந்தும். கவ்வாத்துக் கத்தி பட்ட கால், அட்டைக்கடியைச் சொறிந்து சொறிந்தே பெரிதாக்கிக்கொண்ட புண், சீனி வருத்தத்தால் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் பாதம், இதெல்லாம் தோட்டத்தில் யாருக்கும் புதிதில்லை. காலையில் டிஸ்பென்சரியில் கட்டிவிட்ட துணி மழையிலும் சேற்றிலும் மத்தியானத்துக்குள் ஊறிப்போகிற இடத்தில், ஈரத்தைச் சமாளித்துக் கிருமியையும் தடுக்கிற ஒரு கட்டு உண்மையிலேயே தேவை.

ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். படலம் செய்வது இதில் சின்ன வேலை. கிருமி செத்ததா என்று பார்ப்பதும் பெரிய வேலை இல்லை. எது கொன்றது, கொன்றது தோலையும் சேர்த்துக் கொன்றுவிட்டதா, இந்த இரண்டையும் காட்டுவதுதான் வேலை. பெரும்பாலான செயற்திட்டங்கள் அங்கேதான் படுத்துவிடுகின்றன, அதனால் நான் அந்தப் பகுதியில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

இன்னொன்று: இங்கே செய்கிற எதையும் உங்கள் காலிலோ, வீட்டில் யாருடைய புண்ணிலோ ஒட்டிப் பார்க்க வேண்டாம். புண்ணென்றால் சுத்தமான ஓடும் நீரில் கழுவி, சுத்தத் துணியால் மூடி, டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும். சேறு பட்ட வெட்டுக்காயமென்றால் ஏற்பு ஊசி பற்றியும் கேட்க வேண்டும். தேயிலைத் தூளை அப்புவதும் வேண்டாம், நனோப் படலத்தை ஒட்டுவதும் வேண்டாம்.

எதற்கு எது

புண்ணைக் காயவிட்டால்தான் ஆறும் என்று நம் பாட்டிமார் மட்டுமல்ல, மருத்துவர்களும் நீண்ட காலம் நம்பினார்கள். 1962இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் தோலில் செய்த ஆய்வுதான் அதை மாற்றியது: ஈரம் போகாமல் மூடிவைத்த புண்ணில் புதுத்தோல், காற்றில் காயவிட்ட புண்ணைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. பக்கு கட்டினால் புதுத்தோல் கலங்கள் அதற்கு அடியில் ஈரம் இருக்கிற இடம் தேடிப் போக வேண்டியிருக்கும், அதுதான் தாமதம். அதே ஈரத்தில் கிருமிக்கும் வசதிதான், ஆகவே படலத்துக்கு இரண்டு வேலை: ஈரத்தை அளவாகப் பிடித்துவைப்பது பொலிமரின் வேலை, கிருமியை அடக்குவது உலோகத்தின் வேலை.

பொலிமரில் இரண்டைப் பற்றி யோசிக்கலாம். கைற்றோசான், இறால், நண்டு ஓடுகளில் உள்ள கைற்றினிலிருந்து அசற்றைல் கூட்டத்தை நீக்கிப் பெறுவது. அமிலக் கரைசலில் அதற்கு நேர் ஏற்றம் வரும், பற்றீரியாவின் வெளிப்புறம் எதிர் ஏற்றம் கொண்டது, ஆகவே ஒட்டிக்கொண்டு சுவரைக் குலைக்கும். இரத்தம் உறையவும் உதவும். அல்ஜினேற்று, கபிலக் கடற்பாசியிலிருந்து வருவது. கல்சியம் பட்டால் சங்கிலிகள் இணைந்து கூழாகும், ஊனீர் வடியும் புண்ணில் அந்தக் கல்சியம் சோடியத்துக்கு இடம் விட்டு மெத்தென்ற கூழாக மாறும். நிறைய வடிகிற புண்ணுக்கு அல்ஜினேற்று, குறைவாக வடிகிற புண்ணுக்குக் கைற்றோசான் படலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே முகவையில் ஊற்றிக் கலக்கிவிடாதீர்கள், எதிரெதிர் ஏற்றம் கொண்டவை என்பதால் உடனே திரைந்த பால் மாதிரிக் கட்டியாகிவிடும். இரண்டும் வேண்டுமென்றால் அடுக்காக வாருங்கள்.

உலோகத்தில் வெள்ளிதான் பழைய கை. 1965இல் மோயரும் கூட்டாளிகளும் தீக்காயத்துக்கு 0.5 சதவீத வெள்ளி நைத்திரேற்றைப் பயன்படுத்தினார்கள், 1968இல் சார்ல்ஸ் ஃபொக்ஸ் சில்வர் சல்பாடயசினைக் கொண்டுவந்தார், இன்றும் தீக்காயப் பிரிவுகளில் அந்த வெள்ளைக் களிம்பு இருக்கிறது. வெள்ளி அயன் பற்றீரியாவின் புரதங்களில் உள்ள கந்தகக் கூட்டங்களைப் பிடித்து நொதியங்களை முடக்கும், மென்சவ்வையும் ஓட்டையாக்கும். நனோத் துணிக்கையின் பயன், அந்த அயனை ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. நாக ஒட்சைட்டு விலை குறைவு, கபில நிறக் கறையும் வராது, அதனால் புண்ணின் நிறம் தெரியும். முதல் தடவை செய்கிறவர்களுக்கு அதுவும் நல்ல தெரிவு. இங்கே தேயிலை இருப்பதால் வெள்ளியோடு போகிறேன்.

முதலில் தண்ணீர்

பீலித் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், குடிக்க இனிக்கும், இந்த வேலைக்கு ஆகாது. வெள்ளி அயனும் குளோரைட்டும் சந்தித்தால் வெள்ளி குளோரைட்டாகப் படிந்துவிடும், குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரென்றால் கேட்கவே வேண்டாம். காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். வாங்கியதையும் நம்பாமல் சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்து, வெள்ளி நைத்திரேற்றில் ஒரு துளி விட்டு, கறுப்புக் காகிதத்துக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். பால் கலந்த மாதிரி இலேசான மங்கல் தெரிந்தால் அந்தப் போத்தல் வேண்டாம். முகவைகளையும் குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகு இதே நீரால் கடைசியாக அலசுங்கள். இதே காரணத்தால் கைற்றோசானைக் கரைக்க ஐதரோகுளோரிக் அமிலம் எடுக்க வேண்டாம், அசற்றிக் அமிலம் எடுங்கள்.

வெள்ளித் துணிக்கை

தேயிலைச் சாற்றில் உள்ள கற்றெக்கின்கள் என்ற பொலிபீனோல்கள்தான் வெள்ளி அயனைத் தாழ்த்தி உலோகமாக்குகின்றன, உருவான துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மேலே போர்வை போலப் படிந்துகொள்வதும் அந்தச் சாற்றுப் பொருள்கள்தான். கறுப்புத் தேயிலை ஆலையில் ஒட்சியேற்றம் நடக்கும்போது கற்றெக்கின்களில் பெரும்பகுதி வேறு பொருள்களாகிவிடும். ஆகவே பச்சைக் கொழுந்து அல்லது பச்சைத் தேயிலை எடுங்கள். கொழுந்தென்றால் பறித்த உடனே ஆவியில் சில நிமிடம் காட்டி நொதியங்களை அடக்கிவிட்டுக் காயவையுங்கள். எந்தக் கன்று, எந்த மாதம், எத்தனை இலை பறித்தது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கொழுந்தின் இரசாயனம் பருவத்துக்குப் பருவம் மாறும், குறிப்பு இல்லாவிட்டால் அடுத்த தொகுதி ஏன் வேறு நிறமாக வந்தது என்று உங்களுக்கே தெரியாது.

5 கிராம் காய்ந்த இலையை 100 மில்லிலீட்டர் நீரில் 70, 80 பாகை செல்சியஸில் 15 நிமிடம் வைத்து, வடிதாளில் வடித்து, அன்றே பாவியுங்கள். ஆறியதும் கலங்கினால் மறுபடி வடியுங்கள்.

வெள்ளி நைத்திரேற்றில் 1 மில்லிமூலர் கரைசல் வேண்டும், அதாவது லீட்டருக்கு 0.17 கிராம். 100 மில்லிலீட்டருக்கு 0.017 கிராமைப் பாடசாலைத் தராசில் நிறுக்கவே முடியாது. 0.17 கிராமை 100 மில்லிலீட்டரில் கரைத்து, அதில் 10 மில்லிலீட்டரை எடுத்து 100 ஆக்குங்கள். கபிலப் போத்தல், இல்லாவிட்டால் அலுமினியத் தாள் சுற்றிய போத்தல். கையுறை போடுங்கள், தோலில் பட்டால் வரும் கறுப்புக் கறை நாட்கணக்கில் போகாது, கண்ணில் பட்டால் கறையோடு நிற்காது.

அதில் 90 மில்லிலீட்டரை 60 பாகைக்குச் சூடாக்கி, கலக்கிக்கொண்டே 10 மில்லிலீட்டர் சாற்றைத் துளித்துளியாக விடுங்கள். நீர்த்த சோடியம் ஐதரொட்சைட்டால் பீ.எச். 8க்கு அருகே கொண்டுவந்தால் தாழ்த்தல் வேகமாகும். வெளிர் மஞ்சள் முதலில் தேன் நிறமாகும், பிறகு கடும் சாயத் தேநீரின் கபிலமாகும். ஒரு மணி நேரம் விடுங்கள். நிறத்தை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் தேயிலைச் சாறே காரத்தில் கறுக்கும். வெள்ளியே போடாமல் சாறும் காரமும் மட்டும் கலந்த ஒரு முகவையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நிறமாலைமானியில் ஒளி உறிஞ்சலைப் பார்த்தால் 400 முதல் 450 நனோமீட்டருக்குள் ஒரு மேடு வர வேண்டும், வெறும் சாற்றில் அது வரக் கூடாது. மேடு ஒடுக்கமாக இருந்தால் துணிக்கைகள் ஓரளவு ஒரே பருமன், அகன்று நீண்ட அலைப்பக்கம் போனால் திரண்டுவிட்டன.

பிறகு மையநீக்கியில் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் 20 நிமிடம் சுற்றி, மேல்நீரை எடுத்துவிட்டு, புது நீரில் கலைத்து மறுபடி சுற்றுங்கள். இரண்டு மூன்று தடவை. இதைச் சோம்பேறித்தனமாக விட்டால் தாழாத வெள்ளி அயனும் மீதிச் சாறும் கூடவே வரும், பிறகு சோதனையில் கொன்றது துணிக்கையா, அந்த அயனா என்று சொல்ல முடியாது. கடைசியில் 20 மில்லிலீட்டர் நீரில் கலைத்து வையுங்கள். மேல்நீரைக் கொட்ட வேண்டாம், அதற்குத் தனிப் போத்தல்.

படலம்

சிலாபம், புத்தளம் பக்கத்து இறால் ஓட்டை வாங்கிக் கைற்றோசானையே செய்யலாமா என்று கேட்பார்கள். செய்யலாம், ஆனால் கடைசிக் கட்டத்தில் 40, 50 சதவீதச் சோடியம் ஐதரொட்சைட்டைக் கொதிநிலைக்கு அருகே மணிக்கணக்கில் வைக்க வேண்டும், பாடசாலை ஆய்வுகூடத்தில் அது வேண்டவே வேண்டாம். அசற்றைல் நீக்க அளவு குறித்த கைற்றோசானை வாங்குங்கள், 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது.

80 மில்லிலீட்டர் நீரில் 1 மில்லிலீட்டர் செறிந்த அசற்றிக் அமிலம், அதில் 2 கிராம் கைற்றோசானைத் தூவிக்கொண்டே கலக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெளியே கூழ், உள்ளே தூள் என்று உருண்டையாகிவிடும். இராமுழுக்கக் கலக்கவிட்டு, காலையில் மெல்லிய துணியில் வடியுங்கள். 0.5 கிராம் கிளிசரின் சேருங்கள், அது இல்லாவிட்டால் காய்ந்த படலம் வெங்காயத் தோலைப் போல முறியும். அப்புறம் 20 மில்லிலீட்டர் வெள்ளிக் கலவையை மெதுவாக விட்டுக் கலக்கி, குமிழிகள் மேலே வரும்வரை அசையாமல் வையுங்கள். 9 சென்டிமீட்டர் பெற்றித் தட்டுக்கு 25 மில்லிலீட்டர் அளவு சரி.

இப்போது ஒரு கணக்கு, இதைப் பலர் போடுவதே இல்லை. 90 மில்லிலீட்டர் 1 மில்லிமூலரில் இருக்கிற வெள்ளி ஏறக்குறைய 9.7 மில்லிகிராம். ஒன்றும் வீணாகவில்லை என்று வைத்தாலும் ஒரு தட்டுக்கு 2.4 மில்லிகிராம், தட்டின் பரப்பு 64 சதுர சென்டிமீட்டர், ஆகவே சதுர சென்டிமீட்டருக்கு 0.04 மில்லிகிராம்கூட வராது. சந்தையில் உள்ள சில வெள்ளிக் கட்டுகளில் இது 1 மில்லிகிராம் அளவு. நம்முடையது குறைவு என்று வருத்தப்பட வேண்டாம், குறைந்த வெள்ளியில் வேலை நடந்தால் அதுதான் சொல்லத் தக்க முடிவு. ஆனால் எண்ணை எழுதுங்கள். ‘வெள்ளி சேர்த்த படலம்’ என்று மட்டும் எழுதினால் அடுத்தவர் திரும்பச் செய்ய முடியாது.

உலர்த்துவதில் நம் குளிர் குறுக்கே வரும். கொழும்பில் மேசையில் வைத்தே காயவிடலாம், நுவரெலியாவில் பனியும் ஈரக்காற்றும் சேர்ந்து தட்டு நாட்கணக்கில் காயாமல் கிடக்கும், ஓரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். 40 பாகை அடுப்பில் ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டு நாள் வையுங்கள். தட்டை மட்டம் பார்த்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் தடிப்பாகிவிடும். படலமே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது, அதில் சின்னச் சரிவும் பெரிய வித்தியாசம்.

காய்ந்ததும் அமிலத்தை நீக்க வேண்டும். 1 மூலர் சோடியம் ஐதரொட்சைட்டில் 15 நிமிடம் ஊறவைத்து, கழுவிய நீரின் பீ.எச். 7க்கு வரும்வரை திரும்பத் திரும்ப நீர் மாற்றுங்கள். இந்தக் கழுவலில் கிளிசரினும் போய்விடும், ஆகவே 5 சதவீதக் கிளிசரின் கரைசலில் கொஞ்ச நேரம் போட்டெடுத்துச் சட்டத்தில் இழுத்துக் காயவையுங்கள்.

எது கொன்றது?

சரி, இதுதான் முக்கியம். அமிலம் நீக்காத கைற்றோசான் படலத்தைக் கிருமி தடவிய ஏகாரில் (கிருமி வளர்க்கும் கூழில்) வைத்தால் சுற்றிலும் கிருமி வளராத அழகான தெளிவு வட்டம் வரும், எல்லோரும் கைதட்டுவார்கள், அது அசற்றிக் அமிலத்தின் வேலையாக இருக்கலாம். அதனால்தான் மேலே அவ்வளவு கழுவல். அத்தோடு படலம் ஒன்றல்ல, குறைந்தது நான்கு செய்ய வேண்டும்: வெறும் கைற்றோசான், கைற்றோசானும் தேயிலைச் சாறும், கைற்றோசானும் நனோ வெள்ளியும், கைற்றோசானும் அதே அளவு வெள்ளி நைத்திரேற்றும். பக்கத்தில் சாதாரணக் கோஸ் துணி ஒன்று. நான்காவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசமே இல்லையென்றால் நனோவாக்கியதால் என்ன பயன் என்ற கேள்வி நேராக உங்களை நோக்கி வரும், பதில் வைத்திருங்கள்.

கிருமிகளைப் பாடசாலையில் வளர்க்கக் கூடாது. ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸும் சூடோமோனாஸும் நோய்க் கிருமிகள், தகுந்த பாதுகாப்புள்ள நுண்ணுயிரியல் ஆய்வுகூடம் வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் மேற்பார்வைக்கு ஒருவரைக் கேளுங்கள், மாதிரிகளை எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே வழக்கமாக நடப்பது: 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கலுக்கு, அதாவது மில்லிலீட்டருக்குச் சுமார் 15 கோடி பற்றீரியாவுக்கு ஆக்கி, முல்லர் ஹின்ரன் ஏகாரில் தடவி, 6 மில்லிமீட்டர் படலத் துண்டுகளை வைத்து, அடுத்த நாள் வட்டத்தை அளப்பது.

இந்த வட்டத்தை மட்டும் வைத்து முடிவு எழுதினால் தவறாகப் போகும். அமிலம் நீக்கிய கைற்றோசான் ஏகாருக்குள் பரவாது, வெள்ளியும் குறைவாகவே பரவும். வட்டம் வராது, ஆனால் துண்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வளர்ச்சி இருக்காது. ஆகவே தொடுகைச் சோதனையும் செய்யுங்கள்: தெரிந்த எண்ணிக்கைப் பற்றீரியாவைப் படலத்தின் மேல் விட்டு, 37 பாகையில் வைத்து, சில மணி நேர இடைவெளிகளில் கழுவியெடுத்து, நீர்த்துப் பரப்பி, உயிரோடு இருக்கிறவற்றை எண்ணுவது. கழுவும் நீரில் தயோசல்பேற்றும் தயோகிளைக்கொலேற்றும் சேர்த்து வெள்ளியை அந்த நொடியிலேயே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தட்டிலும் வெள்ளி தொடர்ந்து கொல்லும், முடிவு உண்மையைவிட அழகாக வரும். பத்து இலட்சம் ஆயிரமாகக் குறைந்தால் 99.9 சதவீதம், அதை மூன்று மடக்கைக் குறைவு என்பார்கள்.

முடிந்தால் இதையே சீரம் கலந்த ஊடகத்திலும் ஒரு தடவை செய்யுங்கள். உண்மையான புண்ணின் ஊனீரில் உப்பும் புரதமும் நிறைய, இரண்டும் வெள்ளியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சுத்த நீரில் வெற்றிபெற்ற படலம் அங்கே தோற்கலாம். தோற்றால் மறைக்காமல் எழுதுங்கள், அந்த முடிவு வட்டத்தின் அளவைவிட மதிப்பானது.

ஈரம் பற்றிய சோதனை எளிது, பாடசாலையிலேயே செய்யலாம். லீட்டருக்கு 8.298 கிராம் சோடியம் குளோரைட்டும் 0.368 கிராம் நீரேறிய கல்சியம் குளோரைட்டும் கரைத்தால் காயக்கட்டுச் சோதனைக்கென்று ஐரோப்பிய நியமம் சொல்கிற கரைசல் கிடைக்கும். 5 சென்டிமீட்டர் சதுரத் துண்டை நிறுத்து, அதன் எடையைப் போல 40 மடங்கு கரைசலில் 37 பாகையில் 30 நிமிடம் போட்டு, ஒரு மூலையைப் பிடித்து 30 செக்கன் தொங்கவிட்டு, மறுபடி நிறுங்கள். நீராவி கடத்தலுக்கு, நீருள்ள சிறு குவளையின் வாயைப் படலத்தால் இறுக்கி மூடி எடைக் குறைவைப் பாருங்கள். ஒரு நாளைக்குச் சதுர மீட்டருக்கு 2000 முதல் 2500 கிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் நல்ல அளவு. இதற்கு மிகக் குறைந்தால் புண் ஊறி வெளுக்கும், மிகக் கூடினால் காயும்.

தோல் பிழைக்குமா?

வெள்ளிக்குப் பற்றீரியா வேறு, தோற்கலம் வேறு என்று தெரியாது. அளவு கூடினால் புதுத்தோலைப் படரவிடும் கலங்களையும் அது கொல்லும், கிருமியற்ற, ஆறாத புண்தான் மிஞ்சும். ஐ.எஸ்.ஓ. 10993-5 நியமப்படி படலத்தை ஊறவைத்த ஊடகத்தில் கலங்களை வளர்த்து, உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சு என்று கொள்வார்கள். இதில் தேயிலைக்கென்றே ஒரு பொறி இருக்கிறது: எம்.ரி.ரி. சோதனையில் கலம் உயிரோடு இருந்தால் சாயம் ஊதாவாகும், ஆனால் தேயிலைப் பொலிபீனோல்கள் கலமே இல்லாமலும் அந்தச் சாயத்தைத் தாழ்த்தி ஊதாவாக்கும். கலம் போடாத கிண்ணம் ஒன்று கட்டாயம் வைத்து, அதில் வருகிற நிறத்தைக் கழியுங்கள். பற்றீரியாவைக் கொல்லும் அளவுக்கும் தோற்கலத்தைக் கொல்லும் அளவுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்ற ஒரு எண்ணுக்காகத்தான் முழு ஆய்வும். அந்த இடைவெளி இல்லாத படலத்தில் எவ்வளவு பெரிய வட்டம் வந்தாலும் அது காயக்கட்டு இல்லை.

2010இல் கொக்ரேன் மதிப்பாய்வு ஒன்று (பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் அறிக்கை), வெள்ளிக் கட்டுகள் தொற்றைத் தடுக்கும், ஆறுதலை விரைவாக்கும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. அறிக்கையின் முன்னுரையில் இதையும் எழுதுங்கள், ஆய்வின் தேவை அதில்தான் தெரியும்.

கிருமி நீக்கலும் மலை உயரமும்

ஏகார், முகவைகளை அழுத்தக் கலனில் கிருமி நீக்குகிறபோது மானி 15 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காட்டினால் 121 பாகை என்று புத்தகம் சொல்லும். அது கடல்மட்டக் கணக்கு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், இங்கே நீர் 94 பாகையிலேயே கொதிக்கும், மானி 15 காட்டினாலும் உள்ளே 118 பாகைதான் இருக்கும். 121 வேண்டுமென்றால் மானி 18 அளவு காட்ட வேண்டும். உங்கள் கலன் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அழுத்தத்தை ஏற்ற வேண்டாம், நேரத்தைக் கூட்டி, உயிரியல் குறிகாட்டி (சூட்டைத் தாங்கும் பற்றீரியா வித்திகள் உள்ள சோதனைக் குப்பி) வைத்துச் சரிபாருங்கள். படலத்தையே அதில் போட்டால் கபிலமாகி முறியும். புற ஊதா ஒளி மேற்பரப்பை மட்டும்தான் தொடும். முறையான வழி காமாக் கதிர், வழக்கமான அளவு 25 கிலோகிரே, பியகமவில் அதற்கு நிலையம் இருக்கிறது. ஆனால் காமா கைற்றோசான் சங்கிலிகளை வெட்டும், ஆகவே கதிர் பட்ட பிறகு வலிமையையும் வீக்கத்தையும் மறுபடி அளக்க வேண்டும்.

இதற்குப் பிறகு விலங்கு, மனிதர் என்று போவது தனி உலகம். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வேண்டும், காயக்கட்டு மருத்துவ சாதனம் என்பதால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவும் வேண்டும். தோட்டத்தில் நாலு பேருக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனைக்கு எந்த நிலையிலும் இடமில்லை, அந்த நாலு பேருக்கு ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் சம்பளம் போகும் என்பதை நம்மைவிட வேறு யார் அறிவார்.

மிச்சம்

மேல்நீர், கழுவிய நீர், பாழான படலம் எதையும் தொட்டியில் ஊற்ற வேண்டாம். தலவாக்கலையில் ஊற்றியது கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போகும், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் ஊற்றியது களனிக்குப் போகும், வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்கு மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு. திரவக் கழிவை ஒரே கபிலப் போத்தலில் சேர்த்து, சாப்பாட்டு உப்புக் கரைசலை விடுங்கள். அயன் வெள்ளி குளோரைட்டாக இறங்கும், துணிக்கைகளும் உப்பில் திரண்டு அடியில் தங்கும். இரண்டு மூன்று நாள் இருட்டில் விட்டுத் தெளிந்த நீரை எடுத்து, அதில் இன்னொரு துளி உப்புநீர் விட்டுப் பாருங்கள். மங்கினால் இன்னும் வெள்ளி இருக்கிறது, மறுபடி செய்யுங்கள். தெளிந்த நீரையும் வேறு போத்தலில் வையுங்கள், அதில் நுண்ணிய துணிக்கை மிஞ்சியிருக்கலாம். அடியில் படிந்ததைப் படலத் துண்டுகளோடு தனிச் சாடியில் போட்டு, ‘வெள்ளிக் கழிவு’ என்றும் திகதியும் எழுதி, இரண்டையும் மாதிரி கொண்டுபோகும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தின் இரசாயனக் கழிவில் சேர்க்கும்படி கேட்டுக் கொடுங்கள். கிருமி பட்ட துண்டுகள் இந்தச் சாடிக்கு வரக் கூடாது, அவை அங்கேயே அழுத்தக் கலனுக்குப் போக வேண்டும்.